சென்னைப் புழுக்கத்துக்கு எந்தத் துணி? ஜெர்சி, ஷார்ட்ஸ், மழை ஜாக்கெட், சாயக் கணக்கும் சேர்த்து

கடலோரச் சக்கரம்:

வணக்கம் நண்பர்களே. வாரநாள்ல திருவான்மியூர்ல இருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு சைக்கிள்தான், ஒரு வழிக்கு 12 கி.மீ. ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல மாமல்லபுரம் போய்த் திரும்பினா 90 கி.மீ. டிசம்பர்ல முதல் 200 கி.மீ. பிரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்). ஜனவரில மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ஏற்றம். இது நாலுக்கும் சேர்த்து யோசிச்சுத் துணி வாங்கணும்.

பருத்தி பனியன் நீலாங்கரை தாண்டுறதுக்குள்ள நனைஞ்சு உடம்போட ஒட்டிக்குது. வியர்வையை இழுக்கும்னு சொல்லி வித்த பாலியஸ்டர் டி-ஷர்ட்டோ ரெண்டே மாசத்துல இழுக்கிறதை நிறுத்திடுச்சு, துவைச்சாலும் நாத்தம் போகலை. இது துணியோட குறையா, துவைக்கிறதுல குறையா? மூங்கில் துணி, பழைய பாட்டில்ல இருந்து செய்ற பாலியஸ்டர் இதெல்லாம் நிஜமாவே சூழலுக்கு நல்லதா? ஐப்பசி மழைக்கு விலை கூடின ஜாக்கெட் தேவையா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

---

நூல்முறுக்கு, திருப்பூர்:

ரெண்டுலயும் குறை இருக்கலாங்க. துணியில இருந்து தொடங்கறேன்.

பெடல்ல 150 வாட் வேலை நடந்தா, உடம்பு கூடவே சுமார் 500 வாட் வெப்பத்தை வெளியேத்தணும். அது முழுக்க வியர்வை வழியாத்தான் போகணும்னா மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியாகணும். சொட்டிக் கீழ விழுற வியர்வை கணக்குல சேராது. ஈரம் ஆவியாகக் கிளம்பற அழுத்தம் காத்துல இருக்கிற ஆவியோட அழுத்தத்தைவிட எவ்வளவு கூடவோ, அவ்வளவு சீக்கிரம் வியர்வை காயும். 35 டிகிரித் தோல் மேல இருக்கிற ஈரத்தோட ஆவியழுத்தம் 56 மில்லிபார். சென்னையில காலை 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம்னா காத்துல ஏற்கெனவே 34 மில்லிபார் இருக்குது. வித்தியாசம் 22தான். அதே திருச்சியில ஏப்ரல் மதியம் 38 டிகிரி, 35 சதவீதம்னா காத்துல 23, வித்தியாசம் 33. வெயில் கடுமையா இருந்தாலும் வியர்வை அங்கதான் சீக்கிரம் காயும். வறண்ட நாட்டுல ஓட்டுறவங்க எழுதற ஜெர்சி விமர்சனம் கடற்கரை ஊருக்குப் பொருந்தாததுக்கு இதுதான் காரணம்.

அதனால உங்களுக்கு வேண்டியது நிறைய உறிஞ்சுற துணி இல்லீங்க. தண்ணியைக் குறைவா வெச்சிருந்து, காத்தைத் தாராளமா உள்ள விடுற துணி.

சாதாரணக் காத்துலயே பருத்தி இழை தன் எடையில 8 சதவீதம் ஈரத்தை வெச்சிருக்கும். கம்பளி 16, நைலான் 4, பாலியஸ்டர் 0.4. பருத்தியில தண்ணி இழைக்கு உள்ளயே போயி இழை ஊதும். ஊதினதும் பின்னல் கண்ணெல்லாம் அடைபடும், காத்து நின்னுடும், துணி தோல்ல ஒட்டும். நீலாங்கரையில நடக்கிறது இதுதான். பாலியஸ்டர்ல தண்ணி இழைக்குள்ள போகாது, இழைக்கும் இழைக்கும் நடுவுல இருக்கிற சந்துல மட்டும் ஓடும். ஆனா பாலியஸ்டர் இயல்பா தண்ணியை ஒதுக்கிற இழை. அதை ஓட வைக்க ரெண்டு வழி. ஒண்ணு, நூல் இழுக்கும்போதே இழையில நீளவாக்குல பள்ளம் விழுற மாதிரி வடிவம் கொடுக்கறது. இது துணி கிழியற வரைக்கும் இருக்கும். இன்னொண்ணு, சாயம் போட்ட பிறகு தண்ணி விரும்பும் ரசாயனத்தை மேல பூசறது. மலிவுத் துணியில பெரும்பாலும் இது மட்டுந்தான், துவைக்கத் துவைக்கப் போயிடும். உங்க டி-ஷர்ட் இந்த ரகமா இருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணி போதுங்க. துணியோட உள்பக்கத்துல விடுங்க. மூணு நொடிக்குள்ள பரவி, வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடப் பெரிய வட்டமா நனைஞ்சா நல்ல துணி. முத்து மாதிரி நின்னா வெச்சுட்டு வந்துடுங்க. ஆனா புதுத்துணியில பூச்சு ரகமும் பாஸாயிடும். அதனால முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி, பத்துத் துவைப்புக்கு அப்புறம் இதே சொட்டுச் சோதனை செய்து பார்த்துட்டு ரெண்டாவது வாங்குங்க.

கனம் 110ல இருந்து 130 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம். 160க்கு மேல போனா சென்னைக்கு ஆகாது. துணி எடுத்துத் தைக்கிறவங்க 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி கிராம்ல எடை போட்டு 100ஆல பெருக்கினா அதான் ஜிஎஸ்எம். ரெடிமேட்னா வெட்ட முடியாது, சமையல் தராசுல வைங்க. எம் சைஸ் அரைக்கை ஜெர்சி ஜிப்போட சேர்த்து 150 கிராமுக்குள்ள இருக்கணும்.

வலைப்பின்னல் அக்குள்லயும் பக்கவாட்டுலயும் இருக்கட்டும், முதுகு முழுக்க வேண்டாம். ஹேண்டில் பிடிச்சுக் குனிஞ்சா சூரியனைப் பார்க்கிறது முதுகுதான். ஒன்பது மணிக்கு மாமல்லபுரத்துல இருந்து திரும்புற ஆளுக்கு வலை வழியாவே தோல் வெந்துடும். துணியை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, உடம்புல இருக்கிற அளவுக்கு இழுத்துப் பாருங்க. அந்தப் பக்கம் இருக்கிற விரலோட ஓரம் தெளிவாத் தெரிஞ்சா வெயிலும் அப்படியே உள்ள வரும். யுபிஎஃப் 50ன்னா புற ஊதாக் கதிர்ல ஐம்பதுல ஒரு பங்கு மட்டும் உள்ள வரும்னு அர்த்தம். மெல்லிசான வெள்ளைப் பருத்தி பத்தைக்கூடத் தொடாது, நனைஞ்சா இன்னும் குறையும். முழுக்கை, வெளிர் நிறம், 120 ஜிஎஸ்எம். நான் சொல்றது இதுதாங்க.

---

செங்கல்பட்டு சங்கிலி:

ஜெர்சியைவிட ஷார்ட்ஸுக்குக் காசு ஒதுக்குங்க. 200 கி.மீ.க்குக் கால வரம்பு 13.5 மணி நேரம். அவ்வளவு நேரமும் உட்காரும் இடம் அது.

துணி நைலான் 80, எலாஸ்டேன் (ரப்பர் போல நீளும் நூல்) 20 என்ற விகிதத்தில், 180லிருந்து 220 ஜிஎஸ்எம். இங்கே மெல்லிய துணி வேண்டாம். பாலியஸ்டரை விட நைலான் உராய்வைத் தாங்கும், சீட்டில் தேய்ந்து நூல் பிரியாது. கையில் இழுத்துப் பார்க்கும்போது கறுப்பு நிறம் வெளிறி உள்ளே இருப்பது தெரிந்தால் அந்த ஷார்ட்ஸ் வேண்டாம்.

பேட், அதாவது ஷார்ட்ஸுக்குள் உட்காரும் இடத்தில் தைத்திருக்கும் மெத்தை விஷயத்தில் தடிமனைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கட்டை விரலால் அழுத்துங்கள். உடனே அடிவரை இறங்கினால் அது வெறும் பஞ்சு. இடுப்பெலும்பு உட்காரும் இரண்டு இடத்திலும் நுரையின் அடர்த்தி கன மீட்டருக்கு 120 கிலோ அளவில் இருந்தால் நெடுந்தூரத்துக்குத் தாங்கும். ஆபீஸ் ஓட்டத்துக்கு 60லிருந்து 80 போதும். ஜெல் வைத்த தடித்த பேட் நம் புழுக்கத்தில் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும், கொடியில் காய ஒரு பகல் எடுக்கும். உள்ளாடை போடாமல்தான் அணிய வேண்டும். உள்ளாடையின் தையலும் நனைந்த பருத்தியும்தான் தொடை இடுக்கைப் புண்ணாக்குகின்றன.

பெண்களுக்கு ஒரு சொல்: தோளில் மாட்டும் பட்டை வைத்த ஷார்ட்ஸான பிப், சாலையோரக் கழிப்பறையில் பெரிய தொல்லை. பின்புறம் கொக்கி கழன்று இறங்கும் பிப், இல்லாவிட்டால் அகலமான இடுப்புப் பட்டை உள்ள ஷார்ட்ஸ். பேடும் பெண்களுக்கென வெட்டியதாக இருக்கட்டும். ஆண்கள் பேட் முன்பக்கம் நீண்டு, பெண்களுக்குத் தேவையான அகலம் பின்னால் இருக்காது.

இப்போது துவைப்பு. நாற்றத்துக்குப் பாதிக் காரணம் இங்கேதான். பாலியஸ்டர் தண்ணீரை ஒதுக்கும், எண்ணெயைக் கட்டிப் பிடிக்கும். உடம்பின் எண்ணெய்ப்பசை இழையில் தங்க, பாக்டீரியா அதில் வளர்கிறது. அதோடு சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர், கடின நீர். சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்தால் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகிப் பின்னல் கண்ணில் அடைந்துகொள்ளும். அதன் மேல் வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றினால் இன்னொரு மெழுகுப் படலம். பிறகு எந்தத் துணியும் வியர்வையை இழுக்காது.

ஓட்டி முடித்து வந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு போகட்டும். கூடையில் மூட்டையாகப் போடக் கூடாது. துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜிப்பை மூடி, திரவ டிடர்ஜென்ட்டில் வழக்கமான அளவில் பாதி, தண்ணீர் 30 டிகிரிக்குள். கல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது, பிளீச்சிங் திரவம் எல்லாம் எலாஸ்டேன் நூலை அறுக்கும். நிழலில், பேட் வெளியே தெரியும்படி காய வையுங்கள்.

ஏற்கெனவே நாறும் டி-ஷர்ட்டை எறிய வேண்டாம். 5 லிட்டர் தண்ணீரில் 50 மில்லி வெள்ளை வினிகர், அரை மணி ஊறல், நன்றாக அலசி, பிறகு டிடர்ஜென்ட். பிளீச்சிங் திரவத்தோடு வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். இதற்குப் பிறகு சொட்டுச் சோதனை செய்து பாருங்கள். தண்ணீர் பரவினால் பழி துணி மேல் இல்லை.

தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. தோலுக்குக் கெடுதல் இல்லை, ஷார்ட்ஸுக்குத்தான் கெடுதல். பேடில் இறங்கினால் லேசில் போகாது. தண்ணீரில் கரையும் கிரீமாகப் பாருங்கள்.

---

நெடுந்தூரம்:

மழை ஜாக்கெட்டைப் பற்றி: சென்னை மழைக்கு விலை கூடிய 'மூச்சுவிடும்' ஜாக்கெட் வீண் செலவு. காரணம் நூல்முறுக்கு சொன்ன அதே ஆவியழுத்தம்தான்.

மழையைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும் மெல்லிய சவ்வு அந்த ஜாக்கெட்டில் இருக்கும். அதற்கு விசிறி ஏதும் கிடையாது. உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது. உள்ளே 33 டிகிரியில் முழு ஈரம் என்றால் 50 மில்லிபார். ஐப்பசி மழையில் வெளியே 26 டிகிரி, 95 சதவீதம் என்றால் 32. மிஞ்சுவது 18. அதே ஜாக்கெட் கோத்தகிரியில் 10 டிகிரி மழையில் என்றால் வெளியே 12தான், வித்தியாசம் 38. அதாவது மலையில் ஒழுங்காக வேலை செய்யும் ஜாக்கெட், வேளச்சேரியில் பாதிகூடச் செய்யாது. வெளியே மழைநீர், உள்ளே வியர்வை, இரண்டிலும் நனைவீர்கள்.

25 டிகிரிக்கு மேல் இருக்கும் மழையில் மெல்லிய ஜெர்சியோடு நனைந்தே ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வரை குளிராது. நின்றால் குளிரும், அதற்காகக் கை இல்லாத காற்றுத் தடுப்பு மேல்சட்டை ஒன்று, 100 கிராமுக்குள், ஜெர்சிப் பையில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் நெருக்கமான நைலான், முதுகு வலை. ஹெல்மெட்டுக்குக் கீழே முனை நீண்ட தொப்பி போட்டால் கண்ணில் தண்ணீர் அடிக்காது. ஆபீஸ் உடையையும் போனையும் வாய் சுருட்டிக் கட்டும் பையில் போடுங்கள். பிரெவேயில் இருட்டு நேரத்துக்குப் பிரதிபலிப்புப் பட்டை உள்ள வெஸ்ட் கட்டாயம் கேட்பார்கள். வலைத்துணியில் செய்ததாக வாங்குங்கள். பளபளக்கும் நெய்த துணி வெஸ்ட் ஜெர்சிக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறைதான்.

கோத்தகிரி வேறு கதை. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர், கோத்தகிரி சுமார் 1800. அடிவாரத்தில் 28 இருந்தால் மேலே 18. ஏறும்போது இது சுகம். ஆபத்து இறக்கத்தில். வியர்வையில் ஊறிய ஜெர்சியோடு 40 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது காற்று ஒரே மூச்சில் உலர்த்தும், விரல் மரத்துப் போகும், கொண்டை ஊசி வளைவில் பிரேக் லீவரைப் பிடிக்கும் கை சொன்னபடி கேட்காது. அங்கே மெரினோ கம்பளி உள்பனியன் மதிப்புள்ளது. 150 ஜிஎஸ்எம், இழைத் தடிமன் 17–18 மைக்ரான் என்றால் அரிக்காது. நனைந்தாலும் தோலில் சில்லென்று ஒட்டாது, இரண்டு மூன்று நாள் துவைக்காமல் போட்டாலும் நாறாது. சென்னைக்கு வேண்டாம், காய நேரமாகும். பெட்டியில் வைக்கும்போது அழுக்கில்லாமல், காற்றுப் புகாத பையில் வையுங்கள், துணிப்பூச்சிக்குக் கம்பளி பிரியம். மெரினோவுக்குப் பணம் இல்லையென்றால் உச்சியில் உலர்ந்த ஜெர்சி மாற்றிக்கொண்டு, கைக்குக் கழற்றி மாட்டும் உறையும் மெல்லிய கையுறையும் போட்டு இறங்குங்கள். வழியில் நாளிதழ் ஒன்று வாங்கி நெஞ்சுப் பக்கம் ஜெர்சிக்குள் செருகுவதும் பழைய வழி, நன்றாகவே வேலை செய்யும்.

ஜாக்கெட் வாங்கியே தீருவது என்றால் லேபிளில் பிஎஃப்ஏஎஸ் இல்லை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மழைத்துளி உருண்டோட மேலே பூசும் ஃப்ளூரின் ரசாயனக் குடும்பம் அது. மண்ணிலும் நீரிலும் சிதையாது. அந்தக் குடும்பத்தில் ஒன்றான பிஎஃப்ஓஏ 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் ஏறியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து துணிகளில் இந்த ரசாயனங்களைச் சேர்ப்பதற்குத் தடை வந்துவிட்டது. மாற்றுப் பூச்சு மழையைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. ஆகவே சங்கிலி மசகு பட்ட கையோடு ஜாக்கெட்டைத் தொடாதீர்கள்.

---

பஞ்சுப்பொதி:

பருத்தியை ஒரேயடியாகத் தள்ளிவைக்க வேண்டாம் என்று சொல்ல வந்தேன். காலை ஏழு மணிக்குள் 5 கி.மீ., மணிக்கு 15 கி.மீ. வேகம் என்றால் தளர்வான பருத்திச் சட்டை போதும். நெய்த சட்டை பனியன் துணியைப் போல உடம்பில் ஒட்டாது, இடுப்பு வழியே காற்று ஏறும். நார்த்துணி (லினன்) இன்னும் நல்லது, விறைப்பாக விலகி நிற்கும். அந்தத் தூரத்துக்கு விளையாட்டு உடை தேவையே இல்லை. கடலோரச் சக்கரத்தின் 12 கி.மீ.க்கு ஜெர்சியில் போய் ஆபீசில் பருத்திச் சட்டை மாற்றிக்கொள்வதுதான் சரி.

---

கடலோரச் சக்கரம்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வினிகர் ஊறல் போட்டுப் பார்த்தேன், உள்பக்கச் சொட்டு இப்பவும் முத்தா நிக்குது. அப்போ துணிதான். நூல்முறுக்கு அண்ணா, சாயம், மூங்கில், பாட்டில் பாலியஸ்டர் பத்திச் சொல்லுங்க. பருத்திதான் இயற்கை, பாலியஸ்டர் பிளாஸ்டிக்னு நினைச்சுட்டு இருக்கேன்.

---

நூல்முறுக்கு, திருப்பூர்:

இழை எங்கிருந்து வருதுன்னு மட்டும் பார்த்தா அப்படித்தாங்க தோணும். சாயப்பட்டறைக்குள்ள வந்து பார்த்தாக் கணக்கு மாறும்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடறோம். சாயம் தண்ணியை விட்டு நூலுக்குப் போக உப்பு வேணும். கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60ல இருந்து 80 கிராம். ஒரு கிலோ துணிக்கு 7 லிட்டர் சாயக் குளியல்னு வெச்சுக்கிட்டா, கிலோத் துணிக்கு அரைக் கிலோ உப்பு. அது துணியில தங்காது, அத்தனையும் கழிவுல போகும். போட்ட சாயத்துலயும் ஒரு பங்கு நூல்ல பிடிக்காம அதோட போகும். எங்க ஊர் நொய்யல் ஆத்துல போனது இதுதான். ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டினது, கடைசியில சாயக்கழிவு தேங்கற இடமா ஆச்சு. கீழ்ப்பக்கத்து விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஒரு சொட்டுக்கூட வெளிய விடக் கூடாதுங்கிற முறையில, சவ்வு வழியா வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வெச்சு, தண்ணியையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தற நிலையங்களோடதான் பட்டறைங்க ஓடணும். இதுக்குக் கரண்டும் விறகும் நிறைய ஆகும். அதனால முறையா சாயம் போட்ட துணி கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும். ரொம்ப மலிவா கிடைக்கிற அடர்நிறப் பருத்தித் துணி எங்க சாயம் போட்டதுன்னு கேக்கறது நல்லது.

வெளிர் நிறத்துக்கு உப்பு 10ல இருந்து 30 கிராம் போதும். வெயிலுக்கு எந்த நிறம் நல்லதோ அதுவே தண்ணிக்கும் நல்லதா அமைஞ்சிருக்குது.

பாலியஸ்டர்க்கு உப்பு வேண்டாம், 130 டிகிரியில அழுத்தத்துல சாயம் ஏறும். ஜெர்சியில பாக்கற படமெல்லாம் சப்ளிமேஷன். பேப்பர்ல அச்சடிச்சு வெள்ளைத் துணி மேல வெச்சு 200 டிகிரி சூட்டுல அழுத்தினா சாயம் ஆவியாகி உள்ள போயிடும். தண்ணி கிட்டத்தட்ட இல்லை. ஆனா துவைக்கிறப்ப நுண்ணிழை உதிரும், அது மக்காது. பிரஷ் போட்டுப் பஞ்சு எழுப்பின ஃப்ளீஸ் துணிதான் அதிகம் உதிர்க்கும், வழவழப்பான ஜெர்சி குறைவா உதிர்க்கும். மெஷினை நிறைச்சு, குளிர்ந்த தண்ணியில, குறைஞ்ச நேரம் ஓட்டுனா உதிர்றதும் குறையும்.

பாட்டில் பாலியஸ்டர்ல புதுப் பெட்ரோலியம் வேண்டாம், அந்த அளவுக்கு நல்லது. ஆனா பாட்டில் திரும்ப பாட்டிலாகலாம். துணியான பிறகு, அதுவும் எலாஸ்டேன் கலந்துட்டா, திரும்ப நூலாகிறது ரொம்பக் கஷ்டம். நுண்ணிழையும் அதே மாதிரிதான் உதிரும். ஜிஆர்எஸ் சான்று இருந்தா மறுசுழற்சி அளவு சோதிக்கப்பட்டதுன்னு நம்பலாம். ஓகோ-டெக்ஸ் 100ன்னு போட்டிருந்தா, கையில இருக்கிற துணியில தோலுக்கு ஆகாத ரசாயனம் அளவோட இருக்குதுன்னு மட்டும் அர்த்தம். ஆத்துக்கு என்ன ஆச்சுன்னு அது சொல்லாது. நிறையப் பேர் இதைக் குழப்பிக்கறாங்க.

மூங்கில் துணின்னு விக்கறது அநேகமா விஸ்கோஸ்ங்க. மூங்கிலைக் கூழாக்கி கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துக் கரைச்சு நூலா இழுக்கறது. அந்த ரசாயனம் தொழிலாளிங்க நரம்பைப் பாதிக்கும். மூங்கிலோட கிருமி எதிர்ப்பு நூல் வரைக்கும் வராது. அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த விளம்பரத்துக்காக 2009ல நடவடிக்கை எடுத்துச்சு. சைக்கிளுக்கும் பொருந்தாது. விஸ்கோஸ் பருத்தியைவிட அதிகமா ஈரம் குடிக்கும், நனைஞ்சா பலம் இழக்கும். மரக்கூழ் துணிதான் வேணும்னா லயோசெல் பாருங்க, கரைப்பானை 99 சதவீதத்துக்கு மேல மீட்டுடறாங்க. ஆபீஸ் சட்டைக்கு அருமை. முதுகுப்பை உரசற இடத்துல பஞ்சு எழும்பும்.

உங்களுக்கு ரெண்டு முழுக்கை ஜெர்சி, ரெண்டு ஷார்ட்ஸ், காற்றுத் தடுப்பு ஒண்ணு, கையுறை ஒரு ஜோடி போதுங்க. தினமும் அலசிக் காய வெச்சா ரெண்டே மாறி மாறி வரும். பழைய டி-ஷர்ட்டைச் சங்கிலி துடைக்க வெச்சுக்கங்க. காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் மிச்சம் கிடைக்கும், ஆனா தையலைத் திருப்பிப் பாருங்க. உள்பக்கத் தையல் தட்டையா, ஃப்ளாட்லாக் போட்டதா இருக்கணும். மேடு இருந்தா அக்குளை அறுக்கும். சந்தேகமா இருந்தா தையல் ஓரத்துல இருந்து ஒரு நூலை இழுத்து, இடுக்கியில பிடிச்சு நெருப்புல காட்டுங்க. காகித வாசனையோட சாம்பலா உதிர்ந்தா பருத்தி இல்லைன்னா விஸ்கோஸ், முடி கருகுற வாசனைன்னா கம்பளி, உருகிக் கெட்டியா மணி மாதிரி ஆனா பாலியஸ்டர் இல்லைன்னா நைலான்.

---

செங்கல்பட்டு சங்கிலி:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்சி பெரும்பாலும் துணி கிழிந்து குப்பைக்குப் போவதில்லை, ஜிப் போவதால்தான். பல் நன்றாக இருந்து பின்னால் திறந்துகொண்டால் ஸ்லைடர் மட்டும் தளர்ந்திருக்கிறது. சிறு பிளையரால் ஸ்லைடரின் பின்பக்க இரண்டு ஓரத்தையும் மெதுவாக, சமமாக அழுத்துங்கள். அதிகம் அழுத்தினால் உடைந்துவிடும். ஓட்டி முடித்ததும் ஜிப்பை நல்ல தண்ணீரில் கழுவினால் கடற்காற்று உப்பு அரிக்காது. தையல் சாமான் கடையில் ஸ்லைடர் தனியாகக் கிடைக்கும், பின்பக்கம் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண் வாங்குங்கள்.